பத்தொன்பது மணி நேரத் தாமதம்

எட்டு நாளாக அந்தப் படிவம் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. அதன் மேல் ஒரு டார்ச் லைட்டும் சாவி தொலைந்த பூட்டு ஒன்றும் ஏறி உட்கார்ந்திருந்தன. காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று அம்மா வைத்தாளா, கண்ணில் படக் கூடாதே என்று வைத்தாளா என்பது அம்மாவுக்குத்தான் வெளிச்சம்.

மகள் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர் பாட்டில் எடுக்கிற சாக்கில் ஃபிரிட்ஜைத் திறப்பாள், மூடுவாள், எக்கி மேலே பார்ப்பாள். கையெழுத்துப் போடவேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று இருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் குடியா முழுகிவிடும் என்று தோன்றும். ஆனால் கேட்க மாட்டாள். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேரில் யார் முதலில் இறங்கி வருவது என்பது இருபத்தைந்து வருஷமாகத் தீராத வழக்கு.

விஷயம் இதுதான். அவள் ஒரு சின்னப் பாய்மரப் படகில் தன்னந்தனியாகக் கடலைக் கடக்கப் போகிறாள். நாற்பது நாள் பயணம், நடுவில் எங்கும் கரை கிடையாது. அப்படிப் போகிறவர்களிடம் துறைமுக அலுவலகம் ஒரு படிவம் வாங்கிக்கொள்ளும். முதல் மூன்று பக்கம் படகைப் பற்றிய கேள்விகள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். நாலாவது பக்கம்தான் வில்லங்கம். ‘கரைப் பொறுப்பாளர்’ என்று ஒருவர் வேண்டும். கடலில் இருப்பவள் தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தான் இருக்குமிடத்தை அந்த ஆளுக்குச் செய்தியாக அனுப்புவாள். அதற்குக் கீழே ஒரு கேள்வி: குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்து மீட்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்? பதில் எழுத ஒரு கட்டம். இரண்டு இலக்கம் எழுத இடமிருக்கும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். இன்னும் மூன்று வாரம்தான் கிளம்புவதற்குக் காற்று சாதகமாக இருக்கும். அதை விட்டால் ஒரு வருஷம் கரையில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான்.

ஒரு வருஷம் பெரிய விஷயமா என்று கேட்கிறவர்கள் கடலுக்கு ஏங்கியவர்கள் இல்லை. அவள் வேலை பார்ப்பது பாய் தைக்கிற பட்டறையில். பள்ளிக்கூட மைதானம் போல நீளமான மரத்தரை, தரைக்குள் பள்ளம் தோண்டி இறக்கிய தையல் இயந்திரம், பள்ளத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து அவள். சுற்றிலும் வெள்ளைத் துணி அலை அலையாகக் கிடக்கும். மூலைகளை மட்டும் கையால் தைக்க வேண்டும். உள்ளங்கையில் தோல் பட்டை, கனத்த ஊசி, மெழுகு பூசிய நூல். ஊசியைத் தள்ளும்போதெல்லாம் இந்தப் பாய் எங்கெங்கோ போகப் போகிறது, நான் மட்டும் இங்கேயே குத்திக்கொண்டிருக்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சில நாள் மதிய வேளையில் யாரும் இல்லாதபோது, தைத்து முடித்த பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போய் நிற்பாள். காற்று வந்து துணியை ஒரு இழுப்பு இழுக்கும். அந்த ஒரு இழுப்புக்கே கண் கலங்கிவிடும். மேஸ்திரி உள்ளே வந்தால், “தூசி விழுந்துடுச்சு” என்பாள். “தினமும் உன் கண்ணுல மட்டும் விழுது பாரு” என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

படகு வந்த கதை தனி. ஒரு பல் டாக்டர் ஆசை ஆசையாக வாங்கியது அது. முதல் தடவை போனார், வாந்தி எடுத்தார். இரண்டாம் தடவை போனார், அதற்கு மேல் எடுத்தார். மூன்றாம் தடவை படகுத்துறைப் பக்கமே வரவில்லை. நாலு வருஷம் பாசி பிடித்துக் கிடந்த படகின் பாயைத் தைக்கக் கொடுத்தபோது, இவள் அதைத் தடவிப் பார்த்த தினுசைக் கண்டு, “எடுத்துட்டுப் போம்மா. அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் படகு தின்று தீர்த்தது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பஸ் டெப்போவில் டைம் கீப்பர். வாசலை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு டெலிபோன், தடித்த ரிஜிஸ்டர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வர வேண்டும், வந்தது எப்போது, தாமதம் எவ்வளவு, என்ன காரணம் என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். டிரைவர்கள் ‘டைம் அம்மா’ என்பார்கள். அவள் கையெழுத்தில் மூன்று நிமிஷத் தாமதம்கூட முத்து முத்தாகப் பதிவாகும். மகளுக்கு அங்கே ‘கப்பல்’ என்று பெயர். “டைம் அம்மா, உங்க கப்பல் வந்துடுச்சு” என்று கத்துவார்கள். அப்பா இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். கடலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, முழங்கால் தண்ணீரில்கூட இறங்காத மனிதராம்.

அப்படிப்பட்ட அம்மாவுக்கு மகளாகப் பிறந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரப் பன்னிரண்டு நிமிஷம். பதினேழாவது நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்கு போன் வரும். தோழி வீட்டுக்குப் போனால் போன நேரம், வந்த நேரம். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் ஒரு தகவல். கண்டிப்பு என்று சொல்ல முடியாது. எங்கேயும் போகாதே என்று அம்மா ஒரு நாளும் தடுத்ததில்லை. எங்கே என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் நிம்மதியாக டீ குடிப்பாள். ஆனால் வளர வளர மகளுக்கு மூச்சு முட்டியது. நான் இருக்கும் இடம் யாருக்குமே தெரியாத ஒரு இடத்தில் ஒரே ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை எப்போது முளைத்தது என்று அவளுக்கே நினைவில்லை. அது முளைத்து, வேர் பிடித்து, கடைசியில் கடல் என்று பெயர் வைத்துக்கொண்டது.

போன மாதம் அந்த ஆசை ஒரு தரம் நிறைவேறியது. அதுதான் இப்போது வீட்டில் நிலவும் மௌனத்துக்கெல்லாம் காரணம்.

பெரிய பயணத்துக்கு முன்னால் பத்து நாள் சோதனைப் பயணம் போக வேண்டும் என்பது சட்டம். அதற்கும் இதே படிவம்தான். அப்போது அம்மா மறுபேச்சுப் பேசாமல் கட்டத்தில் ‘12’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஐந்து நாள் காலையும் மாலையும் மணி அடித்தாற்போல் செய்தி போனது. ஆறாம் நாள் மாலை. செய்தி அனுப்புகிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு படகின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இருக்குமிடத்தைத் தட்டச்சு செய்தாயிற்று. அனுப்பு என்கிற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கட்டைவிரல் போகவில்லை. அழுத்துவதற்குப் பதிலாகக் கருவியை அணைத்தாள். அணைத்து, பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

அதன் பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் நடக்கவும் இல்லை. தண்ணீர் கறுத்தது. நட்சத்திரங்கள் வந்தன. அவள் சுருதி சேராமல் பாடினாள். கெட்ட வார்த்தைகள் தெரிந்த மட்டும் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. வழக்கம் போல இருபது நிமிஷம் தூங்குவது, எழுந்து சுற்றிலும் கப்பல் ஏதும் வருகிறதா என்று பார்ப்பது, மறுபடி இருபது நிமிஷம். ஒவ்வொரு தடவை எழும்போதும் அந்த நினைப்பு தித்தித்தது. இந்த நிமிஷம் உலகத்தில் எவரைப் பிடித்துக் கேட்டாலும் அவள் எங்கே என்று சொல்லத் தெரியாது. எந்த ரிஜிஸ்டரிலும் அவளுக்கு ஒரு வரி கிடையாது. பிறந்ததிலிருந்து தோளில் இருந்த ஒரு கை, கனமே இல்லாத அந்தக் கை, எடுக்கப்பட்டுவிட்டது போல உடம்பு லேசாக இருந்தது.

விடிந்தபோது பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது தெரியும். அம்மா இப்போது போனை எடுத்திருப்பாள் என்றும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இருந்தாள். பகல் ஒரு மணிக்குப் பசி எடுத்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது கருவி அவளைப் பார்த்தது. ‘பேட்டரி போய்விட்டது, இப்போது சரி’ என்று அனுப்பினாள். மீட்பு விமானம் எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் யோசிக்கவும் இல்லை. நமக்குத் தோதாக அமைந்த விஷயத்தை யார் தோண்டித் துருவிப் பார்க்கிறார்கள்? பத்தாம் நாள் கரைக்கு வந்தபோது அம்மா துறையில் நின்றிருந்தாள். “சாப்பிட்டியா?” என்றாள். கயிற்றை வாங்கிக் கட்டினாள், அதுவும் தப்பாகக் கட்டினாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பத்தொன்பது மணி நேரத்துக்குத்தான் இப்போது அவள் ஏங்கிக் கிடந்தாள். ஊசியைத் தள்ளும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அந்த லேசான உடம்பு ஞாபகம் வந்து வந்து போனது.

வியாழக்கிழமை மதியம் பொறுமை கையை விட்டுப் போனது. மேஸ்திரியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜின் மேலிருந்த படிவத்தை உருவிக்கொண்டு டெப்போவுக்குப் போனாள். டார்ச் லைட் உருண்டு விழுந்தது. எடுத்து வைக்கவில்லை, அவ்வளவு கோபம்.

கூண்டில் அம்மா கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உட்காரு. ஏழாம் நம்பர் இன்னும் வரல” என்றாள்.

“நான் அதுக்கு வரல.”

“தெரியும். உட்காரு.”

உட்கார்ந்தாள். பதினெட்டு நிமிஷம், பத்தொன்பது நிமிஷம். இருபதாவது நிமிஷத்தில் முள் தொட்டதும் அம்மா டெலிபோனை எடுத்தாள். மூன்று நிறுத்தங்களுக்கு அடித்து விசாரித்தாள். பாலத்தடியில் ஏழாம் நம்பர் நிற்கிறது என்று தெரிந்தது. மெக்கானிக்கை அனுப்பினாள். அவசரமும் இல்லை, பதற்றமும் இல்லை, எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

“ஏம்மா, என்னை அனுப்ப இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு. இப்படி ஃபிரிட்ஜ் மேல வெச்சு ஊறப்போடாதே.”

“யாரு இஷ்டமில்லன்னு சொன்னது?”

“பின்ன ஏன் கையெழுத்துப் போடல?”

“வேற யாரையாவது போடச் சொல்லு. உங்க மேஸ்திரி இருக்காரே, நல்ல மனுஷன்.”

“அவர் எதுக்கு? நீ இருக்கும்போது ஊர்ல இருக்கறவங்களைப் போய் நான் கேட்கணுமா?”

அம்மா மேசையின் கீழ் டிராயரை இழுத்தாள். பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி மகள் முன்னால் வைத்தாள். பஸ்களுக்குப் போடுகிற அதே கோடுகள், அதே கட்டங்கள். வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘பாப்பா’ என்று எழுதியிருந்தது. வீட்டில் இன்னமும் அதுதான் அவள் பெயர். ஒவ்வொரு வரியிலும் வர வேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம். தாமதம் இல்லை, தாமதம் இல்லை, இரண்டு நிமிஷம், தாமதம் இல்லை. ஆறாம் நாள் மாலை வரியில்: வர வேண்டியது 6.00. வந்தது மறுநாள் பகல் 1.00. தாமதம் 19 மணி. காரணம் என்கிற கட்டம் மட்டும் காலி. அம்மா எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டு மகள் பார்த்ததில்லை.

“பன்னெண்டுன்னு எழுதியிருந்தோம்” என்றாள் அம்மா. “காலையில ஆறு மணிக்கு நான் மீட்புக்காரங்களைக் கூப்பிட்டிருக்கணும்.”

“ஆமா.”

“கூப்பிடல.”

மகள் ரிஜிஸ்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

“அந்தப் படிவத்துல அடியில பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கு. நீ படிச்சியோ இல்லையோ, நான் படிச்சேன். கூப்பிட்டு அவங்க தேடிட்டு வந்து, நீ பாட்டுக்கு நல்லா இருந்தேன்னா, ரெண்டு வருஷத்துக்கு உன்னைத் தனியா விடமாட்டாங்க. நீ மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு தினம் பட்டறைக்குப் போறதை நினைச்சுப் பார்த்தேன். என்னால முடியல. போனை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி... இதோ வந்துடும், இதோ வந்துடும்னு.”

நடுவில் மெக்கானிக்கின் போன் வந்தது. கேட்டு வைத்துவிட்டு, அம்மா கண்ணாடி வழியாக வாசலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“என் சொந்த வண்டி இல்ல, யாரோ பெத்த டிரைவர். அவன் இருபது நிமிஷம் வரலன்னா ஆள் அனுப்பறேன். நான் பெத்தது ஏழு மணி நேரம் கெடுவைத் தாண்டிப் போச்சு, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ நிஜமாவே தண்ணியில கெடந்து தத்தளிச்சிருந்தா? அந்த ஏழு மணி நேரம் உன் உசிரா இருந்திருந்தா? அந்தக் கட்டத்துல இப்ப நான் என்ன எழுதினாலும் மறுபடி மீறுவேன். எனக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன தைரியத்துல கையெழுத்துப் போடறது? நம்பிக்கையா ஒரு ஆளைப் போட்டுக்கோ. நான் லாயக்கில்ல.”

எட்டு நாளாக மகள் கட்டி வைத்திருந்த கோபம் மொத்தமும் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் பார்த்த வேலையில் தோற்றுப்போன ஆள் போல உட்கார்ந்திருந்தாள். அந்தத் தோல்வியோ மகளுடையது, பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடியது. இப்போது வாயை மூடிக்கொண்டு மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினால் பயணம் நிச்சயம். சொன்னால் அம்மா படிவத்தைக் கிழித்துப் போட்டாலும் போடலாம்.

“பேட்டரி போகலம்மா” என்றாள். “நான்தான் அணைச்சு வெச்சேன்.”

வாசலில் ஹாரன் அடித்தது. ஏழாம் நம்பர் வந்துவிட்டது. டிரைவர் இறங்கி ஜன்னலில் தலையை நீட்டினார்.

“டயர் பஞ்சர், டைம் அம்மா.”

“மெக்கானிக் இப்பதான் போன் பண்ணினான். பாலத்தடியில வண்டியை நிறுத்திட்டு யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்களாமே.”

“அது... அதுவும்தான்.”

“அதை எழுதுங்க.”

டிரைவர் அசடு வழிய எழுதிவிட்டுப் போனார். அம்மா ரிஜிஸ்டரை மூடினாள். மகள் பக்கம் திரும்பவில்லை.

“உன்னோட பேட்டரியும் அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றாள். “ஒரு நாளைக்கு நாப்பது பொய் கேக்கறவ நான். செத்துப்போன பேட்டரி பத்தொன்பது மணி நேரம் கழிச்சு எப்படிடீ எழுந்து வரும்? நீயா வந்து சொல்லுவேன்னுதான் அந்தக் கட்டத்தை விட்டு வெச்சேன்.” பேனாவைத் திறந்தாள், மூடினாள். “ஏன் அணைச்சே?”

“நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாம இருக்கணும்னு தோணுச்சு. ரொம்ப நாளா. சின்ன வயசுலேர்ந்து.”

“எனக்குமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

“உனக்கும்தான்.”

அம்மா அதை வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் டம்ளரில் மிச்சமிருந்த ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு இந்த வாரத்து ரிஜிஸ்டரைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினாள். மூன்றாம் நம்பர். வந்த நேரமும் இல்லை, தாமதமும் இல்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு ‘ஓட்டம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“இந்த வண்டி செவ்வாய்க்கிழமை ஓடாது. முதல் நாளே டிரைவர் வந்து சொல்லிடுவாரு. அன்னிக்கு அது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுவேன். ஒரு செவ்வாய்க்கிழமையாவது நான் அதுக்காகக் கவலைப்பட்டுப் பார்த்திருக்கியா?”

“இல்ல.”

“வரேன்னு சொல்லிட்டு வராத வண்டிதான் ஆளைக் கொல்லும். வரலன்னு சொல்லிட்டு நின்னா என்ன? நின்னுட்டுப் போகட்டுமே.”

மகள் அம்மாவையே பார்த்தாள்.

“எத்தனை நாள் வேணும்?” என்றாள் அம்மா.

“அஞ்சு.”

“ஒண்ணு.”

“மூணு நாளாவது குடும்மா.”

“ஒண்ணு. அது நல்லபடியா முடிஞ்சா மத்ததைப் பார்க்கலாம். முதல் நாளே சொல்லணும். அந்த ஒரு நாள் எங்க போனே, என்ன பண்ணினேன்னு கேக்க மாட்டேன். மத்த நாளெல்லாம் பன்னெண்டுன்னா பன்னெண்டு. முள்ளு தொட்டதும் கூப்பிடுவேன். அப்புறம் நீ ரெண்டு வருஷம் கரையில கெடந்து என்னைத் திட்டினாலும் சரி.” படிவத்தை இழுத்துக் கட்டத்தில் ‘12’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு பழைய ரிஜிஸ்டரை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தை விரலால் தட்டி மகளிடம் பேனாவை நீட்டினாள். “நீயே எழுது.”

காரணம்: ‘நானே அணைத்தேன்’ என்று மகள் எழுதினாள். எழுத்து கோணலாகப் போனது.

மூன்றாம் வாரம் காற்றோடு கிளம்பினாள். டெப்போவிலிருந்து ஷிப்ட் முடிந்த டிரைவர்கள் நாலு பேர் துறைக்கு வந்து, “கப்பல் கிளம்பிடுச்சு டோய்” என்று கத்தினார்கள். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிளம்பிய நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

கிழக்கே போகப் போகச் சூரியன் அவளுக்கு முன்கூட்டியே வந்தது, முன்கூட்டியே போனது. செய்தி அனுப்ப மட்டும் அம்மாவின் கடிகாரத்தையே வைத்துக்கொண்டாள். காலை ஆறு, மாலை ஆறு. ஒரு தடவை பெருங்காற்றில் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆறு நெருங்கிவிட்டது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினாள். இரண்டு நிமிஷத் தாமதம். அங்கே அது முத்து முத்தாகப் பதிவாகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்த ஒரு நாளை அவள் உடனே செலவழிக்கவில்லை. பண்டத்தைக் கடைசி வரை கையில் வைத்திருக்கிற குழந்தை மாதிரி தள்ளித் தள்ளிப் போட்டாள். இருபத்துமூன்றாம் நாள் கடல் தட்டையாகக் கிடந்தது, காற்று பதமாக இருந்தது, பக்கத்தில் ஒரு கப்பல்கூட இல்லை. முந்தின நாள் மாலைச் செய்தியிலேயே, ‘நாளை காலைச் செய்திக்குப் பிறகு ஓட்டம் இல்லை. மறுநாள் காலை ஆறுக்கு வருவேன்’ என்று அனுப்பியிருந்தாள். ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

காலைச் செய்தியை அனுப்பிவிட்டுக் கருவியை அணைத்தாள். பிஸ்கட் டப்பாவில் போட்டாள். இந்த முறை திருட்டுத்தனம் கிடையாது என்பதால் மூடியை அழுத்தவில்லை.

பகல் அவள் ஏங்கிய மாதிரியேதான் இருந்தது. பாடினாள். படகின் நுனியில் மல்லாந்து படுத்துப் பாயின் தையலை எண்ணினாள். அவள் கையால் போட்ட தையல். பட்டறையில் இதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றது இவள்தானா என்று இருந்தது. உடம்பு லேசானது. தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது. இம்முறை தானாகவே எடுத்துக்கொண்ட கை அது. அதனாலோ என்னவோ, எடுத்த இடம் தெரிந்தது.

அவளுக்கு இருட்டிப் போய் வெகு நேரம் கழித்துத்தான் அம்மாவுக்கு மாலை ஆறு மணி. அந்த நேரம் நெருங்கியபோது அவள் சுக்கானைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். எதற்கு இறங்கினாள் என்று கேட்டால் பதில் இல்லை. இருபத்திரண்டு நாளாக அந்த நேரத்தில் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே பிஸ்கட் டப்பா. கடிகாரத்தில் ஆறு அடித்தது. இப்போது அங்கே அடுத்த ஷிப்ட் ஆள் வந்திருப்பார். அம்மா கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டிருப்பாள், பையை எடுத்திருப்பாள், கவலை இல்லாமல் கிளம்பியிருப்பாள். இன்று மகள் எங்கே என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லியிருப்பாள். அதைத்தானே கேட்டோம், கிடைத்துவிட்டதே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். இந்த நாளுக்காக எத்தனை வருஷம் ஏங்கினாளோ, அதே கனத்தில் அம்மாவின் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு ஏக்கமாக இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. டப்பாவைத் திறக்கவில்லை. சொன்ன சொல் சொல்தான். ஆனால் எழுந்து மேலே போகவும் மனம் வரவில்லை.

மறுநாள் அவளுக்கு நன்றாக விடிந்து, வெயில் ஏறிய பிறகு அங்கே ஆறு மணி ஆகப் போனது. பத்து நிமிஷம் முன்னதாகவே கருவியை எடுத்து இயக்கினாள். ஒரு செய்தி காத்திருந்தது. அம்மா அனுப்பியது, நேற்று மாலை. நேரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது.

‘ஓட்டம் இல்லைன்னு எழுதி மூடிட்டேன். ஆனாலும் வெளியில பெஞ்சுல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான். இப்ப வீட்டுக்குக் கிளம்பறேன்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஆறு மணியிலிருந்து எட்டு நாற்பது வரை என்பது அம்மாவின் கணக்கில் கொஞ்ச நேரம். பிறகு இருக்குமிடத்தைத் தட்டினாள். ‘காற்று நன்று, எல்லாம் சரி’ என்று தட்டினாள். அனுப்பப் போனவள் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தாள்.

‘நானும்தான் உட்கார்ந்திருந்தேன்மா.’

முள் ஆறைத் தொட்டதும் அனுப்பினாள்.